யாருடைய அனுமதியுடன் ஏறினார்?

1

வேலையாள் ஒருவர் தம் வேலையின் நிமித்தம், வேலை நடக்கும் வேளையில் விபத்துக்குள்ளானால், நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இலங்கையின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் சொல்வதன் சாரம் இது. மேலே உள்ளவர் வாயால் ஏவிய வேலையும் வேலைதான். அது எழுத்தில் இருந்தாக வேண்டும் என்று நான் வாசித்த வரையில் எங்கும் இல்லை.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தின் காரியாலயத்தில் சின்னக் கிளாக்கராக இருந்த காலத்தில் இந்த விதி எனக்கு மனப்பாடம். பெருமாள் என்ற தப்பால்காரரின் விஷயத்தில் இது பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. பொருந்தாமல் செய்தவன் நான்.

நாற்பது வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எழுத வைத்தது ஒரு புதுக் கார்.

2

நான் இருப்பது ஜெர்மனியில், கத்திகளுக்குப் பேர்போன சோலிங்கன் என்ற ஊரில். கத்தித் தொழிற்சாலையில் சில காலம், பிறகு ஒரு களஞ்சியத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். இடையிடையே இங்குள்ள தமிழர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். வதிவிட அனுமதி, பிள்ளைக் கொடுப்பனவு, ஓய்வூதியம், கல்லறை வாடகை வரை. ஜெர்மானியர் கண்டுபிடித்த படிவங்களில் நான் தொடாதது குறைவு. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் உண்டு.

இத்தனை வருடத்தில் ஐந்து கார்கள் வைத்திருந்தேன். ஐந்தும் வேறு யாரோ ஓட்டிக் களைத்தவை. போன ஐப்பசியில்தான், அறுபத்தெட்டு வயதில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத இருக்கைகளோடு ஒன்று வாங்கினேன். பதிவு வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக விற்பனையாளர் சொன்னார். வேண்டாம் என்றேன். என் படிவத்தை இன்னொருவர் நிரப்ப நான் விட்டதில்லை.

என் மகள் நிர்மலா சனிக்கிழமை வந்திருந்தாள். இங்கே பிறந்தவள். தமிழ் பேசுவாள். ஆனால் வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும்.

"அப்பா, ஒன்லைன்ல பத்து நிமிஷம். நீங்க ஒஃபீசுக்குப் போக வேணாம்."

"பத்து நிமிசத்துல முடியிற காரியத்துல ஒரு பிழ இருந்தா, அதத் திருத்த பத்து மாசம் போகும்மா."

"நீங்க ரிட்டயர் ஆகிட்டீங்க. அது உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

முதலில் காப்புறுதி. காப்புறுதி நிறுவனம் தரும் ஏழு எழுத்து இலக்கம் இல்லாமல் இந்த நாட்டில் வண்டிக்கு இலக்கத் தகடு கிடையாது. அதுவரைக்கும் அவள் சொன்னபடி கணினியில் செய்ய இணங்கினேன். அவள் கேள்விகளை வாசிக்க நான் பதில் சொன்னேன். வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், இரவில் எங்கே நிற்கும், ஓட்டப்போகிறவர்களில் வயதில் குறைந்தவர் யார்.

"முடிஞ்சுது" என்றாள்.

"இல்ல. ஏறுறவங்களப் பத்தின பகுதி எங்க?"

"யார் ஏறுறது?"

"ஓட்டாதவங்க. பக்கத்துல, பின்னால உக்காருறவங்க. அவங்க யாரோட அனுமதியில ஏறுனாங்கன்னு ஒரு கேள்வி இருக்கணும்."

அவள் மேலும் கீழும் தேடினாள். இல்லை. நான் நம்பவில்லை. தொலைபேசியில் நிறுவனத்தின் முகவரைப் பிடித்தேன். ஒரு பெண். பொறுமையானவர். வண்டிக்குள் இருக்கும் எல்லோருக்கும் காப்புறுதி உண்டு, யார் ஏற்றினார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை என்றார். நான் திரும்பவும் கேட்டேன். அவர் சிரித்தார்.

"உங்களுக்குப் பிடிக்காதவர் ஏறினாலும்தான், ஐயா."

நிர்மலா பொத்தானை அழுத்தினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ஏழு எழுத்தும் வந்துவிட்டன.

"ஏன்ப்பா முகம் இப்படி இருக்கு?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். அந்தக் கேள்வி இருந்த படிவம் ஒன்றை நான் ஒருமுறை நிரப்பியிருந்தேன்.

3

எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் பக்கத்துத் தொழிலாளர் லயங்களில் சில எரிந்தன. அதற்குப் பிறகு கொஞ்சம் படித்தவர்கள் எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தோம். ஜெர்மனிக்குப் போயிருந்த சிநேகிதன் ஒருவன் வழி சொல்லி எழுதுவதாக இருந்தான். அந்தக் கடிதத்துக்காக நான் ஒவ்வொரு நாளும் தப்பால் பையைக் குடைந்தேன்.

தோட்டத்துத் தபாலைக் கொண்டுவருவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. அவரைத் தப்பால்காரர் என்போம். ரப்பர் பால் வெட்டுக்குப் போகாமல், காலையில் தோல் பையை மாட்டிக்கொண்டு கீழே தபால் கந்தோருக்கு நடப்பார், பத்து மணிக்குத் திரும்புவார், அதற்குப் பிறகு காரியாலயத்தில் எடுபிடி. எங்கள் தப்பால்காரர் பெருமாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றேன். காரியாலயத்தில் மேசை இருந்தவன் மேசை இல்லாதவனை அப்படித்தான் கூப்பிட்டான்.

விபத்து நடந்த அன்று காலைப் பையில் கடிதம் இல்லை. பின்னேரம் இன்னொரு பை பிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தோட்டத்துக்கு அது தேவையில்லை. எனக்குத் தேவை. ரப்பர் ஷீட் ஏற்றிய லொறி கீழே புறப்பட நின்றது.

"பெருமாளு, இன்னொரு தடவ தபால் கந்தோருக்குப் போயிட்டு வந்துரு."

"இப்பயாங்க? மழ கருக்குதுங்களே ஐயா."

"லொறி எறங்குது. மேல ஏறிக்க. மழைக்கு முன்னாடி வந்துறலாம்."

"பெரிய கிளாக்கரையா கேட்டாருன்னா?"

"நான் பாத்துக்குறேன். நீ யாருக்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத."

அவர் பையை மாட்டிக்கொண்டே சிரித்தார். "என்னாங்கய்யா, பொண்ணு வீட்டுக் கடுதாசியா?"

"போய்யா, லேட்டாகுது."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. மூன்றாவது வளைவில் மண் வழுக்கி லொறி கவிழ்ந்தது. சாரதிக்குக் கை முறிந்தது. பெருமாள் ஷீட் கட்டுகளுக்கு அடியில் கிடந்தார்.

கடிதம் அன்று வந்திருக்கவே இல்லை. நாலு நாள் கழித்துக் காலைப் பையில் வந்தது. அந்தப் பையை வேறொருவர் சுமந்து வந்தார்.

4

லொறியின் காப்புறுதிப் படிவம் ஆங்கிலத்தில் நாலு பக்கம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெரிய கிளாக்கர் அதை என்னிடம் தள்ளினார்.

"இவன யாருப்பா ஏத்துனது?" என்று கேட்டார்.

"தெரியலீங்க சார்."

"டிரைவரும் தெரியலங்குறான். என்ன இழவுக்கு இவன் அந்த நேரத்துல லொறியில ஏறுனான்?"

மூன்றாம் பக்கத்தில் இரண்டு கேள்விகள். இறந்தவர் யாருடைய அனுமதியுடன் ஏறினார்? எந்த அலுவலாக? என் பெயரைப் போட்டிருந்தால் வேலை போயிருக்கும். விசாரணை முடியும்வரை ஊரைவிட்டு அசைந்திருக்க முடியாது. சட்டம் தெரியாதவன் என்றால் பயத்தில் கோடு போட்டு விட்டிருப்பான். அப்படி விட்டிருந்தால் யாராவது வந்து விசாரித்திருப்பார்கள். நான் சட்டம் தெரிந்தவன். எந்தப் பதிலுக்குப் பிறகு கேள்வி வராது என்று எனக்குத் தெரியும். "அனுமதி இல்லை" என்று எழுதினேன். அடுத்ததில் "சொந்த அலுவல்" என்று எழுதினேன். இந்த இரண்டு பதில்களும் பெருமாளை வேலைக்கு வெளியே தூக்கி வைத்துவிட்டன. காப்புறுதியும் இல்லை, நட்டஈடும் இல்லை.

இன்னொன்றும் செய்தேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். முழு நாளுக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப் பேர். அன்று பெருமாளுக்கு முழுப் பேர் விழுந்திருந்தது. நான் அதை அரைப் பேராக மாற்றினேன். பின்னேரம் அவர் வேலையில் இல்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமல்லவா?

எட்டாம் நாள் அவர் மனைவி பாக்கியம் காரியாலயத்து ஜன்னலுக்கு வந்தார். தொழிலாளர் உள்ளே வரமாட்டார்கள், ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பக்கத்தில் ஐந்தாறு வயதில் மூத்த பெண், லெட்சுமி.

"ஐயா, அவரு எதுக்கு லொறியில ஏறுனாருன்னு ஒங்களுக்குத் தெரியுங்களா? எங்கிட்ட சொல்லாம கொள்ளாம எங்கயும் போகமாட்டாருங்க."

நான் பேரேட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"தெரியலம்மா. அவரு சொந்த வேலையா எங்கயோ போயிருப்பாரு."

"அப்படி என்னாங்க வேல, எனக்குத் தெரியாம?"

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். மூன்று மாதத்தில், அந்தக் கடிதம் சொன்ன வழியில், நான் கிழக்கு பெர்லினில் விமானத்தை விட்டு இறங்கினேன்.

5

வாகனப் பதிவுக் காரியாலயத்துக்கு நேரிலேயே போனேன். முன்பதிவு, கடவுச்சீட்டு, வண்டிப் பத்திரங்கள், வாகன வரிக்கு வங்கி ஒப்புதல், ஏழு எழுத்து. எல்லாம் கோப்பில் வரிசையாக. இங்கே எங்கள் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். நாற்பது வருடமாக எந்த அலுவலகத்திலும் என் அப்பா சின்னையாவைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு மாட்டு வண்டிகூட வைத்திராத மனிதர். நான் அவருக்காக எழுந்து போகிறேன்.

மேசையில் இருந்த இளைஞர் என் கோப்பைப் பார்த்து, எல்லோரும் இப்படி வந்தால் எனக்கு வேலையே இருக்காது என்றார். தகட்டுக்கு விருப்பமான எழுத்து வேண்டுமா என்று கேட்டார். இங்கே ஆட்கள் காதலியின் பெயரெழுத்து, பிறந்த வருடம் என்று கேட்டு வாங்குவார்கள். வேண்டாம், வருவது வரட்டும் என்றேன்.

முதல் இரண்டு எழுத்து ஊருக்குரியது. சோலிங்கனுக்கு எஸ்.ஜி. எங்கள் சபரகமுவ மாகாணத்து வண்டிகளிலும் நெடுங்காலம் அதே எஸ்.ஜி.தான். ஊருக்குப் போகும்போதெல்லாம், எம்பிலிப்பிட்டிய பக்கத்திலும் சரி அரநாயக்க மலையிலும் சரி, அதைப் பார்த்திருக்கிறேன். பழைய கார்களில் இதே எழுத்தை வைத்துக்கொண்டு ஊரில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று எதிரே இருந்த தகட்டுக் கடையில் அச்சுக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தபோது சிரிப்பு வரவில்லை. புதுத் தகடு சூடாக இருந்தது. முன் தகடு, பின் தகடு இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

முதல் ஓட்டம் தமிழ்க் கடைக்கு. பத்துக் கிலோ அரிசி மூட்டையை முன் இருக்கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். புறப்பட்டவுடன் கார் கூவத் தொடங்கியது. பக்கத்தில் இருப்பவர் இருக்கைப் பட்டி போடவில்லை என்று திரையில் சிவப்பாக ஓர் ஆள் உருவம். இது எல்லாப் புதுக் கார்களிலும் உள்ள ஏற்பாடு. கையேட்டில் அந்தப் பக்கத்தை முதல்நாளே வாசித்திருந்தேன். ஓரமாக நிறுத்தி, மூட்டைக்குப் பட்டி போட்டேன். அதன் பிறகு மணிக்கு முப்பதில்தான் வந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். மழை தூறியது. வீடு வரைக்கும் நான் இடது கண்ணாடியையும் வலது கண்ணாடியையும் பார்த்தேன், பக்கத்து இருக்கையை மட்டும் பார்க்கவில்லை.

6

அடுத்த சனிக்கிழமை நிர்மலாவிடம் சொன்னேன். அவள் அம்மா உயிரோடு இருந்தபோது சொல்லாததை மகளிடம் சொன்னேன்.

"படிவத்துல ஒரு தவறான பதிவு செஞ்சேன்மா."

"என்ன தவறு?"

சொல்லி முடித்தேன். அவள் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, இது தவறு இல்ல. இது பொய்."

"அந்தக் காலத்துச் சூழ்நில..."

"சூழ்நிலை எனக்கு விளங்குது. ஆனா பொய்தானே?"

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இங்கே வளர்ந்தவர்களுக்கு எதையும் சுற்றி வைத்துச் சொல்லத் தெரியாது. பிறகு யோசித்தேன். சுற்றி வைத்துச் சொல்லத் தெரிந்தவன் எழுதிய இரண்டு பதில்களின் கதை இது.

"அந்த அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவிசாவளையில் என் மைத்துனர் இருக்கிறார். விசாரிக்கச் சொன்னேன். ஒரு கிழமையில் பதில் சொன்னார். பாக்கியம் இருக்கிறார், அதே தோட்டத்தில், அதே லயத்தில். மூத்தவள் லெட்சுமிதான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். "எதுக்கு மச்சான் இப்ப அதெல்லாம்?" என்று கேட்டார். முகவரியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

லெட்சுமி பெயருக்குக் கடிதத்தை நாலு தடவை எழுதினேன். முதல் மூன்றும் காரியாலயக் கடிதங்களாக வந்தன. "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கியதை நானே கிழித்தேன். நாலாவதில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவரை நான்தான் அனுப்பினேன். தோட்டத்து வேலைக்கு அல்ல, என் கடிதத்துக்கு. லொறியில் ஏறச் சொன்னவன் நான். யாரிடமும் சொல்லாதே என்றவனும் நான். படிவத்தில் எழுதியது பொய். ஜன்னலில் உங்கள் அம்மாவுக்குச் சொன்னதும் பொய். நட்டஈடு கேட்கும் காலவரையறை எப்போதோ முடிந்துவிட்டது என்பதையும் எழுதினேன். ஆனாலும் நீங்கள் விரும்பினால் இதையெல்லாம் சத்தியக் கடதாசியாகக் கையெழுத்திட்டு எங்கே கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கிறேன் என்றும் எழுதினேன். பணம் வைக்கவில்லை. வைத்திருந்தால் கடிதம் அதைச் சுற்றிய தாளாகிவிடும்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதுவதா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதவில்லை. ஒன்றைக் கேட்டால் மற்றவர் கொடுக்க வேண்டியிருக்கும். கேட்காமல் விடுவதாவது நான் செய்யக்கூடியது என்று நினைத்தேன். அப்போது அதைப் பெருந்தன்மை என்றும் நினைத்துக்கொண்டேன்.

7

பதிவுத் தபால் கார்த்திகை முடிவில் போய்ச் சேர்ந்தது. யார் கையெழுத்திட்டு வாங்கினார் என்பது வரைக்கும் தபால் திணைக்களத்தின் பக்கத்தில் தெரிந்தது. லெட்சுமிதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மார்கழி போனது. தைப்பொங்கலுக்கு நிர்மலா வந்தாள், பால் பொங்குவதற்குள் போய்விட்டாள், ஒரு கூட்டம் இருந்ததாம். காரை எடுத்தேன், வைத்தேன். யாரையும் ஏற்றவில்லை. மூன்றாம் வீட்டுக் கிழவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியுமா என்று ஒருநாள் கேட்டபோது, வண்டியில் ஏதோ கோளாறு என்றேன். பொய்யில் எனக்குப் பழைய தேர்ச்சி இருக்கிறது. அவர் வாடகைக் காரில் போவதை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"அவங்க நம்பர் இருந்தா போன் எடுத்துப் பாக்கவா?" என்று நிர்மலா கேட்டாள்.

"வேண்டாம்மா. பதில் போடாம இருக்க அவங்களுக்கு உரிமை இருக்கு."

"அப்ப நீங்க என்ன எதிர்பார்க்குறீங்க?"

அவர்கள் என்னைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் எதிர்பார்த்தேன். திட்டு வந்தால் கோப்பை மூடலாம்.

8

வந்த பதில் ஒரே ஒரு தாள். பள்ளிக் கொப்பியில் கிழித்தது. லெட்சுமி பேசுகிறபடியே எழுதியிருந்தாள். அப்படியே தருகிறேன்.

"ஐயாவுக்கு லெட்சுமி எழுதுறது. ஒங்க கடுதாசி கெடச்சுச்சி. அம்மாவுக்கு ரெண்டு தடவ வாசிச்சேன். ரெண்டாந் தடவ, நீங்க அப்பாவ லொறியில ஏறச் சொன்ன எடத்துல நிப்பாட்டச் சொன்னாங்க. அதுக்கு மேல வாசிக்க வேணாம்னுட்டாங்க.

"இவ்வளவு வருசமா அம்மா அப்பா மேல கோவமா இருந்தாங்க. சொல்லாம எங்கயோ போனாரு, எங்க போனாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியலன்னு சொல்லுவாங்க. வேற எடத்துல ஒறவு இருந்திருக்கும்னு லயத்துல பேசுனாங்க. அம்மாவும் அத நம்பிட்டாங்க. அப்பாவுக்குத் தெவசம் குடுக்கல. படம் ஒண்ணு இருந்துச்சி, கல்யாணத்துக்கு எடுத்தது. அதப் பொட்டிக்கு அடியில போட்டுட்டாங்க. நாங்க எடுத்தா அடி விழும். தங்கச்சிக்கு அப்பா மொகமே தெரியாது.

"சத்தியக் கடதாசி வேணாம். அத வச்சி நாங்க என்னா செய்யப் போறோம். பதில் போட லேட்டாயிருச்சின்னு கோவிக்காதீங்க. அம்மா அந்தப் படத்த எடுத்துட்டாங்க. கரையான் அரிச்சிருந்துச்சி. அவிசாவளையில குடுத்துத் திருத்தி, கண்ணாடி போட்டு வாங்க இவ்வளவு நாளாயிருச்சி. இப்ப சுவத்துல மாட்டி வெளக்கு ஏத்துறாங்க. அதுகிட்ட பேசுறாங்க, என்னா பேசுறாங்கன்னு எனக்கு வெளங்கல.

"ஐயாவுக்கு என்னா எழுதட்டும்னு கேட்டேன். அவருக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க."

கடிதத்தில் திகதி போடப்படவில்லை. வரும் கடிதங்களில் கிடைத்த நாளைக் குறிப்பது காரியாலய வழக்கம். மேல் மூலையில் பென்சிலால் குறித்தேன்: மார்ச் 11, புதன்கிழமை.